வெயிலுகந்தாளின் கண்ணில் விளைந்த உப்பு

உவர்மேட்டில் வெயிலுகந்தாளின் வலது கண்ணில் உப்பு விளைந்தபோது அந்த ஊரில் ஒருத்தரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவைத்து, வெள்ளையாக வாரியெடுத்துப் பிழைக்கிற ஊர் அது. மண்ணில் விளைகிற உப்பு கண்ணில் விளைந்தால் என்ன குடிமுழுகிப் போயிற்று, கண்ணிலும் தண்ணீர் உண்டு, மேலே வெயிலும் உண்டு, விளையத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எம்புட்டு விளையும்?

அதைச் சொல்வதற்கு முன்னால் வெயிலுகந்தாள் யாரென்று சொல்லியாக வேண்டும். ஐம்பது தாண்டியவள், புருசன் போய்ச் சேர்ந்தாயிற்று, மகள் கோவில்பட்டியில் வாக்கப்பட்டுப் போயாயிற்று, வீட்டில் மிச்சமிருந்தது அவளும் அவள் வாயும்தான். அப்பேர்ப்பட்ட வாய்! உப்பளத்தில் குடிதண்ணீர்த் தொட்டி வந்தது அந்த வாயால், ஒதுங்கி நிற்க ஓலைக்கூரை வந்தது அந்த வாயால், பிள்ளை பெற்றவளுக்குப் பால் கொடுக்க நேரம் கிடைத்தது அந்த வாயால். ஆனால் வாய் பாதிதான், மீதி அவள் கண். சண்டைக்குப் போனால் எட்ட நின்று கத்துகிற பழக்கம் அவளிடம் கிடையாது. எதிராளிக்கு முன்னால் போய் நின்று, மூஞ்சியை உற்றுப் பார்த்து, உதடு எப்போது துடிக்கிறது, பார்வை எப்போது தரைக்கு இறங்குகிறது என்று காத்திருந்து, சரியாக அந்த நேரத்தில் சொல்லை வீசுவாள். எதிராளி முகம் கறுக்கிறதைப் பார்க்காமல் போட்ட சண்டை எதில் சேர்த்தி என்று கேட்பாள்.

பக்கத்துப் பாத்திக்காரி ராசகனிதான் அவளுக்கு நித்திய எதிராளி. காலையில் வரப்புக்காகச் சண்டை, சாயங்காலம் கோழிக்காகச் சண்டை, நடுவில் மத்தியானம் ஒரே தூக்குச்சட்டியில் கை விட்டுச் சாப்பாடு. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்திக்கு அன்றைக்குப் பொழுதே போகாது.

ஒரே ஒரு சண்டையில்தான் வெயிலுகந்தாள் ஜெயிக்கவில்லை. மேலேயிருந்து அடிக்கிற வெயிலைவிட, வெள்ளையாகப் பரந்து கிடக்கிற உப்பில் பட்டுத் திரும்பி வருகிற வெயில் பொல்லாதது. கண்ணில் கறுப்புக் கண்ணாடி போடாமல் அதில் நிற்கவே கூடாது. முதலாளியும் ஒரு நாள் எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார். வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் கங்காணி தவசிமுத்து ஒரு சாக்கோடு வந்து, “கீறல் விழுந்துரும், குடுங்கட்டி” என்று அத்தனையையும் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவள் அவரை விரட்டிக்கொண்டேயிருந்தாள், அவரும் நாளைக்கு நாளைக்கு என்று நழுவிக்கொண்டேயிருந்தார், நடுவில் அவள் கண் மங்கிக்கொண்டேயிருந்தது.

முதலில் விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் கதிர் கதிராகச் சிதறியது. பிறகு பஸ்ஸின் பேர்ப்பலகை போயிற்று, மிளகாய் வற்றலின் சிவப்பு போயிற்று, எதைப் பார்த்தாலும் கஞ்சித்தண்ணிக்குள்ளேயிருந்து பார்க்கிற மாதிரி ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது போனாள். சின்ன வயசு டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு வில்லை இருக்கும்மா, அது கலங்கிப் போச்சு. இதுக்குப் பேரு புரை. சொட்டு மருந்துல கரையாது. அதை எடுத்துட்டு வேற வில்லை வைக்கணும்” என்றாள். அதே முகாமில் ராசகனிக்குக் கண்ணில் நீரழுத்தம் என்று சொல்லி, தினமும் விடச் சொல்லி ஒரு சொட்டு மருந்துக் குப்பி கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பினால் கங்காணி குறுக்கே நின்றார். “ஏ வெயிலு, நீயெல்லாம் உப்பளத்துல பொறந்தவதானா? முத்தாத பாத்தியில வாருபலகையைப் போட்டு உப்பை வாரினா என்னாவும்? சேறும் கலங்கும், உப்பும் போவும். கண்ணும் அப்பிடித்தான். முத்தட்டும்!”

உப்புக்கு அது வேதவாக்கு. முத்தாத பாத்தியில் பலகையைப் போட்டவளைக் கட்டிய புருசன்கூட மன்னிக்க மாட்டான். அந்தப் பேச்சு உப்பளத்துக்காரியின் காதில் அவ்வளவு லேசாக இறங்கிவிட்டது, ஊர் வாயையெல்லாம் அடைக்கிற வெயிலுகந்தாள் இந்த ஒரு பேச்சுக்குப் பதில் பேசவில்லை. இரண்டு வெயில்காலம் முத்தட்டும் முத்தட்டும் என்று காத்திருந்தாள். சும்மாவா காத்திருந்தாள்? ஒருத்தி நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டாள், ஒருத்தி தாய்ப்பால் கொண்டுவந்து விட்டாள், ஒருத்தி விளக்கெண்ணெய் ஊற்றினாள். கண் சிவந்து வீங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு விடியற்காலையில் வலது கண் உறுத்தியது. கசக்கினாள். உள்ளங்கையில் கல் உப்பு விழுந்தது, பளிங்கு மாதிரி, ஈரமே இல்லாமல். சிரட்டையில் தட்டி வாசல் ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். கோழிச் சண்டைக்கு வந்த ராசகனி, தன் வீட்டுக் கஞ்சிக்கு உப்பில்லை என்று போகிற போக்கில் அந்தச் சிரட்டையிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளிக்கொண்டு போனாள், குடித்தாள், வெயில் ஏறுகிற நேரத்தில் பாத்தி நடுவில் நின்று கத்தினாள்: “ஏட்டி! கடல்ல நிக்குற கப்பல்ல ஒருத்தன் துணி காயப்போடுதான், அவன் சட்டையில ரெண்டு பித்தான் இல்லட்டி!”

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? வெள்ளெழுத்து விழுந்து ஊசியில் நூல் கோக்க எதிர்வீட்டுப் பெண்ணைக் கெஞ்சிக்கொண்டிருந்த தையல்காரர் ஒரு சிட்டிகை தின்றுவிட்டு ஊசியைக் கிட்டப் பிடித்தபடி நூலைக் கோத்தார். பள்ளிக்கூட வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கிணற்றில் போட்டார். சோடாப்புட்டி என்று கேலிப்பட்ட பெண்பிள்ளைகளின் கண்ணாடிகளையெல்லாம் தாய்மார் பரணில் ஏற்றிவிட்டு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினார்கள். ஒரு சிட்டிகைக்கு ஒரு நாள் பார்வை, மறுநாள் பழைய மங்கல், ஆகவே மறுநாளும் ஒரு சிட்டிகை. கங்காணி ஓலைக்கூரை நிழலில் உட்கார்ந்தபடியே அளத்தின் அடுத்த கோடியில் எவள் இடுப்பை நிமிர்த்துகிறாள் என்று பார்த்தார். அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்துகிற ஜனங்கள் அதை வெயிலுகந்தாள் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பூசாரி இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் அவரே கிண்ணத்தோடு வந்து நின்றார். தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். அவள் கண்ணோரத்தில் வாருவதற்கென்று விரல் நீளத்தில் ஒரு வாருபலகை செய்து, முனையில் நோகக் கூடாதென்று பட்டுத்துணி சுற்றினார்கள். அவ்வளவு பதவிசாக வாருகிறோமே என்று அவர்களுக்குப் பெருமை வேறு.

விளைய விளைய வெயிலுகந்தாளுக்கு வெளிச்சம் குறைந்தது. ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் தன் கஞ்சியிலேயே ஒரு சிட்டிகை போட்டுக் குடித்துப் பார்த்தாள். கரித்தது. அவ்வளவுதான்.

இதெல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வேறு. ஒரு மத்தியானம் கறுப்புக் கண்ணாடிப் பஞ்சாயத்தை மறுபடி எடுத்துக்கொண்டு கங்காணியிடம் போனாள், உயரமும் அகலமுமாக அவர் நிற்கிறார் என்று நினைத்து, முன்னால் போய் நின்று, “ஏன் அண்ணாச்சி, ஒம்ம வீட்டுப் பொம்பளையா இருந்தா இந்த வெயில்ல கண்ணைப் பொசுக்க விடுவீரா?” என்று ஆரம்பித்து, மூச்சுப்பிடித்து, பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து, உதடு துடிக்கிற நேரத்துக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் துடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அவ்வளவு நேரம் ஏசியது ஓலை மூடிக் கிடந்த ஓர் உப்பு அம்பாரத்தை. கங்காணி பின்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். புருசன் செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. வெட்கமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, சண்டை போடத் தெரியாதவளாகத் தன்னை ஆக்கிவிட்டார்களே என்று நெஞ்சு வெந்தது. சத்தம் கேட்டு அன்றைய முறைக்காரத் தெருப் பெண்கள் கிண்ணத்தோடு ஓடிவந்தார்கள். ஒருத்தியும் ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. கண்ணீர் காய்ந்தால் கூடுதலாக விளையும் என்று கன்னத்துக்குக் கீழே கிண்ணத்தை ஏந்தினார்கள். அந்த இடத்தில்தான் அவளுக்கு அழுகை நின்றது.

“போங்கட்டி வெளிய!” என்றாள். “அடுத்த முகாமுக்கு நான் போறேன். கண்ணை அறுத்துட்டுத்தான் வருவேன்.”

சொன்ன சொல் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, கோயில் முன்னால் கூட்டம் போட்டுவிட்டார்கள். கங்காணிதான் பேசினார். “வெயிலு, நீ ஒருத்தி கண்ணு தெரியாம இருக்க, அது கஷ்டந்தான், யாரு இல்லன்னா? ஆனா ஊரே ஒன்னால பாக்குது. நீ ஊருக்கே கண்ணு. ஒனக்கு வேளாவேளைக்குச் சோறு ஊரு போடும், கையப் பிடிச்சு ஊரு கூட்டிட்டுப் போவும். இன்னும் என்னம்மா வேணும்?”

“எங்கண்ணு வேணும்.”

“இன்னும் முத்தலையே...”

“எதுக்கு முத்தணும்? ஒமக்கு வார்றதுக்கா? நான் என்ன பாத்தியா, ஊரெல்லாம் பலகையத் தூக்கிட்டு வந்து எறங்க?”

“சுயநலக்காரி!” என்று ஒரு குரல் வந்தது. வேறு யார், ராசகனிதான். கப்பலில் பித்தானை எண்ணுகிறவளுக்கு அந்தப் பார்வையை விட மனசு வருமா? அன்றைக்கு இரண்டு பேரும் போட்ட சண்டையில் கோயில் மணி தானாக அசைந்தது என்று சொல்வார்கள்.

மறுநாள் அளத்துக்குப் போகிற மண்பாதையில் ராசகனி முன்னாலும், வரப்பைக் காலால் தடவித் தடவி வெயிலுகந்தாள் பின்னாலும் போய்க்கொண்டிருந்தார்கள். இடதுபக்கத்திலிருந்து உப்பு லாரி வந்தது. ராசகனி நேராகப் பார்த்தபடி அதன் முன்னாலேயே காலை வைத்தாள். லாரிச் சத்தத்தைக் கேட்ட வெயிலுகந்தாள் சேலையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

“செவிடாட்டி ஒனக்கு? அம்மாம்பெரிய லாரி தெரியல?”

“சத்தங் கேட்டுச்சு, அந்தால போவுதுன்னு நெனச்சேன். தெரியலையே!” ராசகனி கடலைக் கை காட்டினாள். “அங்க கப்பல் தெரியுது. அவன் சட்டை தெரியுது. லாரி தெரியலையே வெயிலு!”

வெயிலுகந்தாள் தன் கையை ராசகனியின் காதோரமாக நீட்டினாள். “நேராப் பாரு. வெரலை ஆட்டுதேன், தெரியுதா?”

“எங்க ஆட்டுத?”

கையை முன்னால் கொண்டுவந்தாள், இன்னும் முன்னால், மூக்குக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் ராசகனி தெரிகிறது என்றாள். குழாய்க்குள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறவள் மாதிரி இருந்தாள் அவள்.

“குடுத்த சொட்டு மருந்தை விட்டியா இல்லையா?”

“அதான் நல்லாத் தெரியுதேன்னு... குப்பியத் தூக்கி ஓடையில போட்டுட்டேன்.”

வெயிலுகந்தாள் ஏசவில்லை. அவள் ஏசாமல் இருந்ததில்தான் ராசகனிக்குப் பயம் வந்தது.

முகாம் வண்டி வந்த அன்று பாதையின் குறுக்கே கிண்ணங்களோடு ஊர் நின்றது. கங்காணி நடுவில் நின்று, “இந்த வண்டி நகராது” என்றார். வெயிலுகந்தாள் குரல் வந்த திக்கில் நடந்தாள். இந்த முறை ஏமாறக் கூடாதென்று கையை நீட்டி அவர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், மனுசத் தோள்தான்.

“அண்ணாச்சி, ஒம்ம மூஞ்சி எனக்குத் தெரியல. தெரியாத மூஞ்சிகிட்ட நான் சண்டை போடுறதில்ல. போயிட்டு வாறேன், அப்பொறம் பேசுவோம். இப்போ வழிய விடும். விடலைன்னா இந்தக் கண்ணு ரெண்டையும் நானே நோண்டி ஓடையில எறிவேன், எனக்கும் வேண்டாம், ஒமக்கும் வேண்டாம்!”

அவள் செய்யக்கூடியவள் என்று ஊருக்குத் தெரியும். வழி விட்டார்கள். வண்டியிலிருந்த நர்ஸ், “கூட வர்ற ஆள் யாரு? ஆள் இல்லாம ஏத்த மாட்டோம்” என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. ஓரத்தில் நின்ற ராசகனி, முன்னால் நின்றவர்களையெல்லாம் இடித்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறி, “கண்ணு தெரியாதவகிட்ட எத்தனை நாளு சண்டை போடுறது, எனக்கும் அலுத்துப்போச்சு” என்றாள்.

ஆஸ்பத்திரியில் அதே சின்ன டாக்டரம்மாதான். வெயிலுகந்தாளின் கண்ணோரத்து உப்பை விரலால் எடுத்துப் பார்த்து, சீட்டில் ‘உப்பு உண்டு’ என்று எழுதிவிட்டு, “ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?” என்றாள்.

“முத்தட்டும்னாங்க.”

“அதெல்லாம் அந்தக் காலம். இப்போ மங்கல் வேலைக்கு இடைஞ்சலா இருந்தாலே எடுத்துரலாம். ரொம்ப முத்தினாத்தான் எடுக்கிறது கஷ்டம். பயப்படாதீங்க, முடியாதது இல்ல.”

ராசகனிக்கு அப்படி நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. அழுத்தம் பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வந்திருக்கிறது, நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும், போனது இனித் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஆயுசுக்கும் மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல ராசகனி அழுதாள், பிறகு கோபப்பட்டாள். “ஒரு வலி வலிச்சிருந்தா தெரிஞ்சிருக்காதா?”

“வலிக்காது. அதனாலதான் தெரியாம போகுது. நாற்பது வயசுக்கு மேல வருசா வருசம் கண்ணைக் காட்டுங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.”

வெயிலுகந்தாளின் ஆபரேஷன் ஓர் உலை கொதிக்கிற நேரத்துக்குள் முடிந்தது. வலது கண்ணிலிருந்து எடுத்ததைத் தட்டில் வைத்தபோது கணீர் என்று சத்தம் கேட்டது. நர்ஸ் அதைக் குப்பையில் தட்டினாள். மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சுவர் நீலமாக இருந்தது. இப்படியொரு நீலம் உலகத்தில் இருப்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். அதன் முன்னால் ஒரு முகம் தெரிந்தது, கன்னம் ஒட்டி, நெற்றியெல்லாம் கோடு விழுந்து.

“ஏட்டி ராசகனி, என்ன இம்புட்டுக் கெழவியாப் போயிட்ட?”

“நீ மட்டும் கொமரியாக்கும்!” என்றாள் ராசகனி. பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழப்போக, அழக் கூடாது, கசக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று நர்ஸ் வந்து அதட்டினாள்.

ஊருக்கு வந்தபோது ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கதவிலிருந்த கண்மலர்களைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வலது கண் ஓய்ந்துவிட்டது. ஆனால் ஒரு வாரம் கழித்து இடது கண் உறுத்தத் தொடங்கியது. அதிலும் புரை இருந்தது, அதிலும் உப்பு விழுந்தது, ஊர் அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. கிண்ணங்களோடு வாசலில் வந்து நின்றார்கள். இந்த முறை அதிகாரமாகப் பேசவில்லை, கெஞ்சினார்கள்.

“ஒனக்கு ஒண்ணு வந்துட்டுல்லா வெயிலு,” என்றார் கங்காணி. “ஒண்ணை எடுத்துக்க. இன்னொண்ணை ஊருக்கு விடு. நியாயமாத்தானே கேக்கோம்?”

வெயிலுகந்தாள் படியிறங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாக, அவசரப்படாமல் பார்த்தாள். இவ்வளவு காலம் அவள் பார்க்காத முகங்கள், அவளால் கண்ணாடியைத் தூக்கியெறிந்த முகங்கள்.

“தையக்காரரே, ஒமக்கு வெறும் வெள்ளெழுத்து. கடையில விக்கிற கண்ணாடியில சரியாப் போயிருக்க வேண்டியதுக்கு எங்கண்ணைத் தின்னுருக்கீரு. ஏ மாரிக்கனி, கிண்ணத்தை ஏந்திட்டு நிக்கியே, ஒங்கண்ணுல சதை வளந்து கறுப்பு முழிக்குள்ள ஏறுது, வெயிலுக்கு மறைப்புப் போடாம நிக்காத. வாத்தியாரே, ஒம்ம வீட்டுப் பிள்ள ஏன் தலையைச் சாச்சுச் சாச்சுப் பாக்குது? பரண்ல கெடக்குற கண்ணாடிய எடுத்து மாட்டும். ராசகனியக் கேளுங்க, நல்லாத் தெரியுதுன்னு இருந்தா எது போச்சுன்னு கேளுங்க. இன்னும் எத்தனை பேரு கண்ணை எங்கண்ணு தின்னுச்சோ!” கடைசியாகக் கங்காணியின் முன்னால் வந்தாள். “அண்ணாச்சி, ஒம்ம ரெண்டு முழியும் மோர் ஊத்தின மாதிரி வெளுத்துக் கெடக்கு. ஊரை மேய்க்கிறீரே, ஒம்ம கண்ணை ஒரு நாளாச்சும் பாத்தீரா?”

அவர் உதடு துடித்தது. பார்வை தரைக்கு இறங்கியது. அவள் அதைக் கண்குளிரப் பார்த்தாள்.

“அப்போ நாளைக்கு எங்க கண்ணுக்கு யாரு?” என்று கேட்டார், சின்னக் குரலில்.

“ஒம்ம கண்ணுக்கு நீருதான்.”

இடது கண்ணுக்கு வண்டி வந்த காலையில் ஊர் தெருவோரமாக ஒதுங்கி நின்றது. கங்காணிக்கு உப்பு கிடைத்துப் பல நாளாகியிருந்தது. வெயிலுகந்தாள் வாசலில் நின்று, நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி ஈரத்துணியால் இடது கண்ணோரத்தை ஒற்றி, அன்று விளைந்த உப்பைத் தெருவில் உதறினாள். கங்காணி ஓடிவந்து மண்டியிட்டார். உப்பு கிடந்த இடம் ஒன்று, அவர் கை துழாவிய இடம் வேறு. ஒரு சாண் தள்ளி வெறும் புழுதியை அள்ளி அள்ளி விரலிடுக்கில் தேடிக்கொண்டிருந்தார் அந்த மனுசன், ஊரே பார்க்க.

சிரித்திருக்கலாம். அவளுக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

“எந்திரியும் அண்ணாச்சி!” என்று கத்தினாள். “ஏறும் வண்டியில! நான் கூட வாறேன், எந்திரியும்!”

அவர் எழுந்தார். அவள் கையைப் பிடித்து ஏற்றினாள். பின்னாலேயே தையல்காரரும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாத்தியாரும், சொட்டு மருந்துக் குப்பியை மடியில் முடிந்த ராசகனியும் ஏற, இடம் போதாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வெயிலுகந்தாள் கங்காணிக்குத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கிக்கொடுத்தாள். ஜன்னலோரத்தை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.